கிரவல் றோட்டில் கார்ச்சில்லு

அந்த சீடிக்கு அட்டை கிடையாது. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு மாக்கரால் இரண்டே இரண்டு சொல் கிறுக்கியிருந்தது: ‘கார் வீல்ஸ்’. வாகனம் திருத்துகிற பாடம் ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன்.

2003ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்து ஒரு வருசத்துக்கு மேல். பெரியம்மாவின் மூத்தவர் ஸ்காபரோவிலிருந்து பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்து, இரண்டு கிழமை நுளம்போடு மல்லுக்கட்டிவிட்டு, போகும்போது கொண்டுவந்த சாமானில் பாதியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். ஒரு சோடி சப்பாத்து, பாதி முடிந்த சென்ற் போத்தல், ஒரு டிஸ்க்மேன், சிப் வைத்த உறையில் இருபது சீடி அளவில். சப்பாத்து தம்பிக்கு. சென்ற் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மிச்சம் எனக்கு. எனக்கு அப்போது பதினாறு வயது.

அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ராப் பாட்டு, டான்ஸ் பாட்டு, ரகுமானின் இரண்டு படம். பிறகு இந்தக் ‘கார் வீல்ஸ்’. ஒரு பொம்பிளைக் குரல். தொண்டையில் மண் ஒட்டியது போல ஒரு கரகரப்பு, ஒரு அவசரமும் இல்லை. இரண்டாவது பாட்டில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. என்னுடைய ஆங்கிலம் ஓஎல் சோதினைக்குப் படித்த ஆங்கிலம்; பாட்டில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் நல்லாய் விளங்கியது. கிரவல் றோட்.

எழும்பி இருந்துவிட்டேன். கிரவல் எங்கள் சொல் அல்லவா? அம்மா, மேசன்மார், டிப்பர்க்காரர், சங்கக்கடை மனேச்சர் என்று எல்லாருடைய வாயிலும் புரளுகிற சொல். உப்பு, புளி, கிரவல். அது இங்கிலிசிலிருந்து வந்தது என்று அன்றைக்கு வரை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசித்ததில்லை. எங்கேயோ அமெரிக்காவில் ஒரு மனுசி எங்கள் ஒழுங்கைச் சொல்லை எடுத்துப் பாடுகிறா என்றுதான் முதலில் பட்டது. கொஞ்ச நேரம் கோபம்கூட வந்தது.

வன்னிக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரவல் என்றால் எங்களுக்கு வெறும் சரளைக்கல் இல்லை. சிவப்பு மண்ணும் குறுணிக் கல்லும் சேர்ந்த ஒன்று. கோடையில் ஒரு பஸ் போனால் வேலியோரத்துப் பூவரசு ஒரு மாதத்துக்குச் செம்மஞ்சளாய் நிற்கும். மாரியில் அதே றோட்டில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு போகவேண்டும். வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதுகில் பின்சில்லு அடித்த சேற்றுக்கோடு ஒன்று நேராக மேலே ஏறியிருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது அசையாது. இரவில் அந்த றோட்டில் சில்லு உருளுகிற சத்தம் அரை மைலுக்கு அப்பாலேயே கேட்கும். யார் வருகிறார்கள், எதில் வருகிறார்கள், பாரம் ஏற்றியிருக்கிறதா என்பதெல்லாம் பாயில் கிடந்தபடியே சொல்லலாம்.

சரி, விபரத்துக்கு வருவோம். பாடியவர் லூசிண்டா வில்லியம்ஸ். இசைத்தட்டின் முழுப்பெயர் ‘கார் வீல்ஸ் ஒன் எ கிரவல் றோட்’. மேர்க்கரி நிறுவனம் வெளியிட்டது. வெளிவந்த நாள் 1998 ஜூன் 30. பதின்மூன்று பாட்டு. அந்த நாளில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கையில் இருந்தது, நாங்கள் ஸ்கந்தபுரத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். அவருடைய றோட்டும் எங்கள் றோட்டும் ஒன்றையொன்று சந்திக்க இன்னும் ஐந்து வருசம் இருந்தது.

இதை ‘ஓல்ட் கன்ட்ரி’ என்கிற பெட்டிக்குள் போடுவார்கள். ‘பழைய’ என்ற ஓல்ட் இல்லை, மாற்று என்பதன் சுருக்கம். அதைச் சொல்லுவதற்கு முதல் ஜிம் ரீவ்ஸைச் சொல்லவேண்டும். ஏனென்றால் கன்ட்ரி என்றால் இலங்கையில் பாதிப் பேருக்கு அவர்தான். இலங்கை வானொலி அவரை எங்கள் தாத்தாமாரின் காதில் ஊற்றி வளர்த்தது. அந்த மனுசன் 1964 ஜூலை 31இல் நாஷ்வில்லுக்குக் கிட்டச் சின்ன விமானம் விழுந்து செத்துப்போனார், நாற்பது வயது. ஆனால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு நத்தார் இரவில் அவர் செத்ததாக யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஜிம் ரீவ்ஸின் ஒரு கசற் இருந்தது. சித்தப்பாவுடையது. ஸ்கந்தபுரத்துக் காலத்தில் கரண்ட் இல்லை. பட்டரி தடைசெய்யப்பட்ட பொருள். கள்ளமாய் ஒன்று வந்தால் தங்கவிலை. ஆகவே எல்லா வீட்டையும் போல நாங்களும் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சில்லில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். டைனமோவுக்கும் றேடியோவுக்கும் நடுவில் சித்தப்பா ஒரு டயோட்டைச் சொருகியிருந்தார். அதைத் தொட்டால் அடி விழும். இரவில் பிபிசி தமிழோசை. சுற்றுவட்டாரமே வந்து முற்றத்தில் குந்தியிருக்கும், மூச்சுக் காட்டாது. செய்தி முடிந்து ஆட்கள் போன பிறகு, சுற்றுகிற கையில் இன்னும் பலம் மிச்சமிருந்தால் ஜிம் ரீவ்ஸ் ஒரு பாட்டு.

அந்தப் பாட்டின் வேகம் சித்தப்பாவின் கையில் இருந்தது. அவர் களைத்தால் ஜிம் ரீவ்ஸும் களைப்பார். ஏற்கெனவே அடித்தொண்டைக் குரல். கை தளரத் தளர அது வாளியில் கட்டி இறக்கியது போல கிணற்றுக்குள் போய்விடும். அப்போது நானும் தம்பியும் ஓடிப்போய்ப் பெடலைப் பிடிப்போம். எங்களுக்கு நிதானம் தெரியாது. வெறிபிடித்த மாதிரிச் சுற்றுவோம். கிணற்றிலிருந்து மனுசன் குதித்து எழும்பி, கலியாண வீட்டு மாப்பிள்ளைத்தோழன் மாதிரிச் சுறுசுறுப்பாய்ப் பாடத் தொடங்குவார். “டேய், ஆளைக் கொல்லாதேங்கோடா” என்று சித்தப்பா கத்துவார். பல வருசம் கழித்து ஒழுங்கான கரண்டில் அதே பாட்டைக் கேட்டபோது எனக்கு என்னவோ குறைகிற மாதிரித்தான் இருந்தது.

ஜிம் ரீவ்ஸின் பாட்டு காப்பெற் றோட்டு. மேடு பள்ளம் கிடையாது, பின்னால் வயலின் கூட்டம், மெல்லக் ‘கூ’ போடுகிற கோரஸ். அது தற்செயலாய் நடந்ததும் இல்லை. 1950களின் கடைசியில் செற் அட்கின்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள், கன்ட்ரியில் இருந்த கிராமத்துப் பிடிலையும் மூக்கால் இழுக்கிற பாட்டையும் எடுத்து ஒதுக்கிவிட்டு, நகரத்து வரவேற்பறைக்கு ஏற்ற மாதிரி மெழுகிப் பூசினார்கள். ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று அதற்குப் பெயர். ஜிம் ரீவ்ஸின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டே அட்கின்ஸின் கைவண்ணம்தான். நான் குறை சொல்லவில்லை. யுத்தத்துக்குப் பிறகு ஏ9இல் காப்பெற் விழுந்தபோது நானும்தான் சந்தோசப்பட்டேன். ஆனால் காப்பெற் றோட்டில் சில்லு சத்தம் போடாது, அதுதான் கதை.

1990இல் இலினோய் மாநிலத்துப் பெல்வில் என்ற ஊரின் மூன்று பெடியள், ‘அங்கிள் டுப்பெலோ’ என்ற குழு, பங்க் இசையின் ஆவேசத்தையும் பழைய கன்ட்ரியின் வறுமையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி ‘நோ டிப்ரஷன்’ என்று ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதே பெயரில் 1995இல் ஒரு சஞ்சிகை வந்தது. நாஷ்வில்லின் மெழுக்குப் பிடிக்காதவர்களுக்கெல்லாம் அது கூடாரமாகிப் போனது. ஓல்ட் கன்ட்ரி என்று ஒரு வகை இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்தது இப்படித்தான். லூசிண்டா அந்தப் பெடியளுக்கு முன்னமே பாடத் தொடங்கியவர். முதல் தட்டு 1979இல். கூடாரம் அவருக்குப் பின்னால் வந்து அவருக்கு மேல் விரிந்தது என்று சொல்லலாம்.

காப்பெற்றுக்கும் கிரவலுக்கும் ஒரு நல்ல சாட்சி அவருடைய கதையிலேயே இருக்கிறது. 1988இல் அவர் எழுதிப் பாடிய ‘பாஷனேற் கிஸ்ஸஸ்’ என்ற பாட்டை அன்றைக்குப் பெரிதாய் யாரும் சீண்டவில்லை. மேரி சேப்பின் கார்ப்பென்ரர் அதையே வழுவழுப்பாய்ப் பாடினார். வானொலியெங்கும் ஓடியது, 1994இல் சிறந்த கன்ட்ரிப் பாட்டுக்கான கிராமி எழுதியவரான லூசிண்டாவுக்கு வந்தது. அந்தக் குஷியில் தானும் காப்பெற் போட்டிருக்கலாம். அவர் போட்டது கிரவல்.

அதையும் லேசில் போடவில்லை. இதற்கு முந்திய தட்டு 1992இல். அடுத்தது வர ஆறு வருசம். 1995இல் ஒஸ்ரினில், பல வருசமாய்க் கூட வாசித்த குர்ஃப் மோர்லிக்ஸோடு பதிவு தொடங்கியது. அநேகமாய் முடிந்தே விட்டது. பிறகு ஸ்டீவ் ஏர்ல் தன்னுடைய தட்டில் ஒரு பாட்டுக்கு இவரைப் பாடக் கூப்பிட்டார். அங்கே பதிவான தன் குரலை லூசிண்டா கேட்டார், அவ்வளவுதான்: ஒஸ்ரினில் செய்ததெல்லாம் குப்பை என்று முடிவு. நாஷ்வில்லுக்குப் போய் ஸ்டீவ் ஏர்ல், ரே கெனடி இருவரோடும் முதலிலிருந்து. அதுவும் திருப்தி இல்லை. லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் கீபோர்ட் வாசிக்கிற ரோய் பிற்றனோடு மிச்சம். மோர்லிக்ஸ் இடையிலேயே மனம் விட்டுப் பிரிந்து போனார். ஒரு தட்டு மூன்று நகரம் இடம்பெயர்ந்திருக்கிறது. மூட்டை கட்டி அவிழ்த்தவர்களுக்கு இதைப் பெரிதாய் விளக்கத் தேவையில்லை.

கேட்டுப் பாருங்கள், அத்தனை கிளறலுக்குப் பிறகும் பாட்டுகள் அலுத்துக் களைத்ததாய் இல்லை. யாரோ வாசல் படியில் இருந்து சும்மா வாசித்த மாதிரி இருக்கிறது. அந்தச் சும்மாவுக்குத்தான் ஆறு வருசம். 1999இல் கிராமி கிடைத்தது, அதுவும் கன்ட்ரிப் பிரிவில் இல்லை, சமகால நாட்டாரிசைப் பிரிவில். வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகை அப்போது வருசா வருசம் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கில் 1998க்கு முதலிடம்.

இனிப் பாட்டுகள்.

முதலாவது ‘ரைற் இன் டைம்’. அருமையான பாட்டு. அம்மா பக்கத்தில் இருக்கும்போது போடவேண்டாம். இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டு. ஜோர்ஜியாவில் மேக்கன் என்ற ஊர். ஒரு வீட்டுக் குசினி. காலைச் சாப்பாட்டு வாசம். றேடியோவில் லொரெற்றா லின். பெரியாக்கள் ஏதோ அவதியில் இருக்கிறார்கள், பிள்ளையை வெளிக்கிடு என்கிறார்கள். பிறகு கார். முன்சீட்டில் தணிந்த குரலில் கதை. பின்சீட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை. யன்னலுக்கு வெளியே வயலும் கம்பிகளும். பாட்டு ஒன்றையும் விளக்காது. வீட்டில் என்ன சண்டை, எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள், ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு என்ன தெரிந்ததோ அதுதான் எங்களுக்கும். அதாவது வாசம், றேடியோ, சில்லுச் சத்தம். நாலு வரிக்கு ஒருமுறை அந்தச் சத்தம் திரும்பி வருகிறது. பின்னால் கிற்றார் இரண்டு, ஒன்று சலிக்க ஒன்று உரச, உண்மையில் கல்லில் சில்லு உருளுகிற மாதிரியே.

லூசிண்டாவின் அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர், இலக்கியப் பேராசிரியர். 1997இல் கிளின்டன் இரண்டாம் முறை பதவியேற்றபோது மேடையில் கவிதை வாசித்தவர். பேராசிரியர் என்றால் வசதி என்று நினைக்கவேண்டாம். வேலை கிடைக்கிற இடமெல்லாம் குடும்பத்தை ஏற்றி இறக்கினார். லேக் சார்ள்ஸ், மேக்கன், பற்றன் ரூஜ், நியூ ஓர்லியன்ஸ், சிலி நாட்டுச் சந்தியாகோ, மெக்சிக்கோ, ஃபேயற்வில். அம்மாவுக்கு மனநோய். பிள்ளையாய் இருந்தபோது ஒருமுறை அப்பா இவரை எழுத்தாளர் ஃபிளனரி ஓ’கோனரின் வீட்டுக்குக் கூட்டிப் போனாராம். அம்மையார் எழுதி முடிக்கும்வரை வெளியே காத்திருக்கவேண்டும். இவர் வளவில் நின்ற மயில்களைக் கலைத்துக்கொண்டு திரிந்தாராம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் மயில் என்பது உழுந்துக்கும் கச்சானுக்கும் எதிரி. இலக்கியத்தோடு அதைச் சேர்த்து நான் நினைத்ததே இல்லை.

இந்தப் பாட்டைப் பற்றிப் பிரபலமான ஒரு கதை உண்டு. நாஷ்வில்லில் புளூபேர்ட் கஃபே என்ற சின்ன இடத்தில் லூசிண்டா இதைப் பாடி முடித்ததும் அப்பா கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாராம். ஏன் என்று இவருக்குப் பிடிபடவில்லை. பின்சீட்டில் இருந்த பிள்ளை இவர்தான் என்று அப்பா சொன்ன பிறகுதான், தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்பதே இவருக்கு உறைத்ததாம்.

எனக்கும் ஒரு பின்சீட்டு உண்டு. அது காரில் இல்லை, மாட்டு வண்டிலில். 1996 ஆடி மாதம், கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்ட இரவு. எனக்கு ஒன்பது வயது. நெல்மூட்டைக்கு மேல் பாயைப் போட்டு என்னையும் தம்பியையும் படுக்கவைத்தார்கள். அக்கராயன் பக்கமாகக் கிரவல் றோட்டு. முன்னும் பின்னும் வண்டில்கள், சைக்கிள்கள், நடக்கிற ஆட்கள், ஆனால் கதை பேச்சுக் குறைவு, சில்லுச் சத்தம்தான். ஒரு சில்லின் அச்சு கொஞ்சம் ஆட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘க்ரக்’. தம்பி நித்திரை. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ‘க்ரக்’கை எண்ணிக்கொண்டு கிடந்தேன். முன்னுக்கு அப்பாவும் அம்மாவும் தணிந்து கதைத்தார்கள். அம்மாவின் காப்பை விற்கவேண்டும் என்று அப்பா சொன்னார். அம்மா மறுமொழி சொல்லவில்லை. நூற்றுப்பத்துக் ‘க்ரக்’ வரையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

போன வருசம் ஒருநாள் பின்னேரம் இந்தப் புளூபேர்ட் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த இரவையும் காப்பையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“நீ நித்திரை எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்” என்றார்.

பிறகு எழும்பி மாட்டை மாற்றிக் கட்டப் போய்விட்டார்.

அடுத்தடுத்த பாட்டுகளில் ‘ட்ரங்கன் ஏஞ்சல்’ஐத் தவறவிடவேண்டாம். பிளேஸ் ஃபோலி என்று ஒஸ்ரினில் ஒரு பாட்டுக்காரர் இருந்தார். குடிகாரர், வீடுவாசல் இல்லாதவர், சப்பாத்தையும் உடுப்பையும் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு திரிந்தவர். நல்ல பாட்டுகள் எழுதினார். 1989 பெப்ரவரி 1ஆம் திகதி சுடப்பட்டுச் செத்தார். சிநேகிதர்கள் அவர் சவப்பெட்டியிலும் ஒட்டுநாடா ஒட்டித்தான் தாட்டார்கள். லூசிண்டா அவரைத் திட்டுகிறார், கொஞ்சுகிறார், ஏன் இப்படிப் போனாய் என்று கேட்கிறார். எங்கள் ஊர்களில் காத்தவராயன் கூத்துக்கு அப்படி ஒரு ஆள் இருப்பார் பாருங்கள். பகலில் தவறணை வாசலில் விழுந்து கிடப்பார், இரவு களரியில் ஏறி வாயைத் திறந்தால் சனம் அழும். அவர் செத்த வீட்டில் பொம்பிளையள் ஒப்பாரியோடு ஒப்பாரியாக ஏச்சும் சேர்த்து வைப்பார்கள். அந்த ஏச்சின் சுருதி இந்தப் பாட்டில் இருக்கிறது.

‘லேக் சார்ள்ஸ்’ அதைவிட எனக்குக் கிட்ட. லூசிண்டாவின் பழைய காதலர் ஒருவர் ரெக்சஸ்காரர். ஆனால் யார் கேட்டாலும் தன் ஊர் லூசியானாவின் லேக் சார்ள்ஸ் என்றுதான் சொல்லுவாராம். பிறக்காத ஊரை நேசித்துத் தன்னுடையதாக்கிக்கொண்ட மனுசன். அவர் செத்தபோது எழுதிய பாட்டு. வேடிக்கை என்னவென்றால், லேக் சார்ள்ஸில் உண்மையாய்ப் பிறந்தவர் லூசிண்டா, 1953இல்.

கிளிநொச்சியில் நின்றுகொண்டு ஒருவரிடம் ‘சொந்த ஊர் எது’ என்று கேட்டுப் பாருங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பிக் குடியேற்றத் திட்டத்தில் வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், தீவுப்பகுதி ஆட்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டினவர்கள். எங்கள் அப்பப்பா சாகும்வரை தன்னைப் புங்குடுதீவான் என்றுதான் சொன்னார், புங்குடுதீவில் அவர் இருந்தது பதினெட்டு வருசம், இங்கே ஐம்பது. ஸ்காபரோ அண்ணாவுக்கு அங்கேயே பிறந்த மகளோ தன்னைக் கிளிநொச்சி என்கிறாள். இரண்டு தரம்தான் வந்திருக்கிறாள். அவளுக்கு நான் இந்தப் பாட்டை அனுப்பியிருக்கிறேன்.

ஒரு பாட்டை நான் போடுவதில்லை. ஐந்தாவது. கொங்கிறீற்றும் முள்ளுக்கம்பியும் என்று அதன் தலைப்பு. மெதுவான, இனிமையான மெட்டு. 2003இல் பிடித்திருந்தது. 2009க்குப் பிறகு, செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்து வந்த பிறகு, அந்த அக்கோடியன் தொடங்கினால் விரல் தானாய் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். பாட்டில் குற்றமில்லை. நீங்கள் கேளுங்கள்.

‘கான்ற் லெற் கோ’ ராண்டி வீக்ஸ் என்பவர் எழுதியது, துள்ளல். ‘மெற்றல் ஃபயர்கிராக்கர்’ ஒரு பஸ்ஸுக்கு வைத்த செல்லப்பெயர், ஒரு முறிந்த காதல். லூசிண்டாவின் 2023ஆம் ஆண்டுத் தன்வரலாற்று நூலுக்குத் தலைப்பு இந்தப் பாட்டிலிருந்துதான் வந்தது. ‘கிரீன்வில்’லில் எமிலூ ஹாரிஸ் கூடப் பாடுகிறார். குடித்துவிட்டுக் கதவை உடைக்கிற ஒரு ஆம்பிளைக்கு, வந்த வழியே போ என்று இரண்டு பொம்பிளையள் சத்தம் உயர்த்தாமல் சொல்லுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் பல வீட்டு விறாந்தையில் போடலாம். ‘ஸ்ரில் ஐ லோங் ஃபோர் யுவர் கிஸ்’ எனக்குச் சுமார், இல்லாவிட்டாலும் தட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை.

‘ஜோய்’க்கு வருவோம். பன்னிரண்டாவது. சுரமே பெரிதாய் மாறாது. ஒரே அடி, ஒரே அடி. ஒருத்தி தன் சந்தோசத்தைப் பறித்துக்கொண்டு போனவனிடம் திருப்பித் தா என்கிறாள். கெஞ்சவில்லை, கணக்குக் கேட்கிறாள். ஊர் ஊராய்ப் போய்த் தேடுகிறாள், ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் சொல்லிச் சொல்லி. கிற்றார் போகப் போக முறுகுகிறது. இதை முதல்முறை கேட்டபோது எனக்கு வட்டாப்பளைதான் ஞாபகம் வந்தது. வைகாசிப் பொங்கல் இரவு, கடல் தண்ணியில் எரிகிற விளக்கு, நந்திக்கடல் பக்கத்துக் காற்று, உடுக்கு. மதுரையை எரித்துவிட்டு ஆறாத கோபத்தோடு நடந்து நடந்து வந்த ஒரு பொம்பிளை கடைசியில் இருந்த இடம் என்று முல்லைத்தீவில் நம்புகிற சனம் நாங்கள். உடுக்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது எதற்கென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு இந்தத் தட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டுப் போடவேண்டுமென்றால் இதைப் போடுங்கள்.

கடைசிப் பாட்டு ‘ஜக்சன்’. காதல் முறிந்து ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். லஃபாயெற், பற்றன் ரூஜ், விக்ஸ்பர்க், ஜக்சன். ஒவ்வொரு ஊரும் வரும்போது, இனி நினைவு வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். வேறொன்றுமில்லை, ஊர்ப் பெயர்தான் பாட்டு.

ஊர்ப் பெயரை வரிசையாய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று வன்னிக்காரருக்குத் தெரியும். பரந்தன், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். யுத்தத்தின் கடைசியில் சனம் ஓடிய வழி. இன்றைக்கு அதில் பெரும்பகுதி பரந்தன் - முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டர் கூப்பிடுகிற தரிப்பிடங்கள். ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், இறங்குகிறவர்கள் இறங்குவார்கள், மேலே ஸ்பீக்கரில் இளையராஜா. சில பெயருக்குச் சில ஆட்கள் யன்னல் பக்கம் திரும்புவார்கள். அந்த டிஸ்க்மேனையும் சீடி உறையையும் எந்தத் தரிப்பிடத்தில் விட்டேன் என்று எனக்குச் சரியாய்த் தெரியும். தர்மபுரம் தாண்டி, ஒரு பாலை மரத்தடி. அரிசியா சீடியா என்றால் அரிசிதான்.

திரும்ப இந்தத் தட்டைக் கேட்டது 2012இல், நகரத்தில் ஒரு நெற் கஃபேயில், யூரியூப்பில். பெயர் ஞாபகம் இருந்தது, பாடகி பெயர் தெரியாது. ‘கார் வீல்ஸ்’ என்று அடித்தேன். மூன்று பக்கத்துக்கு ரயர் விளம்பரம். பிறகு ‘கிரவல்’ என்று சேர்த்து அடித்தேன்.

கேட்கிறவர்களுக்குச் சில யோசனை. போன் ஸ்பீக்கரில் கேட்கவேண்டாம். கிற்றார்களின் அந்த உரசல் செத்துப்போகும். முதல்முறை வரிகளைத் தேடி வாசித்துக்கொண்டு கேட்கவேண்டாம், சத்தத்தைக் கேளுங்கள், ஊர்ப் பெயர்களைப் பிடியுங்கள், மிச்சம் பிறகு. முடிந்தால் இரணைமடுப் பக்கம் வாய்க்கால் றோட்டில், பொழுது சாய்கிற நேரம், சைக்கிளில் போய்க்கொண்டு கேளுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். யானை வரும்.

ஜிம் ரீவ்ஸ் பிடித்தவர்களுக்கு முதலில் இது தொண்டையில் சிக்கும். லூசிண்டா சொல்லை விழுங்குவார், இழுப்பார், சுரத்தின் ஓரத்தில் வழுக்குவார். சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அரைப் பாட்டு கேட்டார். “உந்த மனுசிக்கு ஆரோ பெடலை ஒழுங்காச் சுத்தேல்லை” என்றார். இதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கும் வாசிக்கவில்லை.

2020 நவம்பரில் லூசிண்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. கிற்றாரை முன்போல வாசிக்க முடியாமல் போனது. ஆனால் மேடையை விடவில்லை, பாடிக்கொண்டுதான் இருக்கிறார். அண்மைய ஒளிப்பதிவுகளைப் பாருங்கள், மைக்குக்கு முன்னால் கை சும்மா நிற்க, குரலில் கல் அப்படியே.

இதை எழுதத் தொடங்கியபோது ஸ்காபரோ அண்ணாவுக்கு வாட்ஸப்பில் குரல்பதிவு ஒன்று அனுப்பினேன். நீங்கள் 2003இல் விட்டுப்போன அந்த சீடியைப் பற்றி எழுதுகிறேன், உங்களுக்கு அது எங்கே கிடைத்தது, அப்போது இதையெல்லாம் விரும்பிக் கேட்டீர்களா என்று.

அடுத்த நாள் மறுமொழி வந்தது. பின்னணியில் ஸ்னோ வழிக்கிற மெசின் சத்தம்.

“எந்த சீடி? எனக்கு ஞாபகம் இல்லையடா. வேலை செய்யிற இடத்தில ஆரும் தந்திருப்பினம். நான் அதைக் கேக்கவே இல்லைப் போல. நல்ல பாட்டோ?”

இணைப்பை அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லி.